நாலு நூலகம் சேர்ந்து காசு போட்டு கோஹாவில் ஒரு வசதி சேர்ப்பது எப்படி

உங்கள் நூலகத்தில் கோஹா என்ற இலவச நூலக மென்பொருள் ஓடுகிறதா? வாசகர் புத்தகம் தேடும் பக்கமான ஓபேக்கைத் திறந்து 'ஔவையார்' என்று தேடி, எத்தனை புத்தகம் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே பெயரை, ஒ அடித்து பக்கத்தில் ள அடித்து, 'ஒளவையார்' என்று தேடுங்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கோ முன்னதில் ஔ ஒரே எழுத்து, பின்னதில் ஒ, ள என்று இரண்டு எழுத்து. பல வருடமாகப் பல பேர் டைப் செய்த கேட்லாக்கில் இரண்டும் கலந்துதான் கிடக்கும், ஆத்திசூடி ஒரு பக்கமும் மூதுரை இன்னொரு பக்கமும் நிற்கும், தேடி வந்த மாணவர் பாதியைப் பார்த்துவிட்டு இவ்வளவுதான் இருக்கிறது போல என்று போய்விடுவார். பௌத்தம், மௌனம், கௌரவம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

குறை சின்னதுதான். ஆனால் இலவச மென்பொருளில் சின்னக் குறையைச் சரிசெய்யவும் யாராவது உட்கார்ந்து நிரல் எழுத வேண்டும், அவருக்குக் கூலி வேண்டும். ஒரு கல்லூரி நூலகர் தனியாக இதற்கு லட்ச ரூபாய் கேட்டு நோட் போட்டால் ஃபைல் திரும்பி வராது. இதே குறை உள்ள ஆறு நூலகம் சேர்ந்தால் ஆளுக்கு ஒரு பிரிண்டர் வாங்குகிற தொகைதான் ஆகும். அப்படிச் சேர்ந்து செய்வதில் எங்கெங்கே சறுக்கும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். கடைசிவரை ஔவையாரையே உதாரணமாக வைத்துக்கொள்வோம், உங்கள் குறை வேறாக இருந்தாலும் வழி ஒன்றுதான்.

இது புதுசு ஒன்றும் இல்லை. கோஹாவே அப்படிப் பிறந்ததுதான். நியூசிலாந்தில் ஹோரோஃபெனுவா லைப்ரரி ட்ரஸ்ட் என்ற சின்ன நூலக அமைப்பு, தன் பழைய மென்பொருள் 2000 பிறந்தால் தாங்காது என்று பயந்து, 1999-ல் கட்டிபோ கம்யூனிகேஷன்ஸ் என்ற நிறுவனத்திடம் காசு கொடுத்து எழுதச் சொன்னது. 2000 ஜனவரியில் அது ஓட ஆரம்பித்தது, பிறகு யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். புத்தக விவரங்களை எண் போட்ட கட்டங்களில் பதியும் பொதுவான முறைக்கு மார்க் என்று பெயர், அதில் அப்போது அந்த மார்க் வசதியே கிடையாது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து நெல்சன்வில் பொது நூலகம் கோஹாவுக்கு வர நினைத்தபோது, மார்க் இல்லையே என்று வேறு மென்பொருளுக்குப் போகவில்லை, மார்க்கைச் சேர்க்கச் சொல்லிக் காசு கொடுத்தது. நாம் இன்று தலைப்புக்கு 245-ம் ஆசிரியருக்கு 100-ம் அடித்துக்கொண்டிருப்பது அந்தக் காசில். கோஹாவின் பங்காளியான எவர்கிரீன் என்ற இன்னொரு இலவச நூலக மென்பொருளை ஜார்ஜியா மாநிலத்து பைன்ஸ் நூலகக் கூட்டமைப்புக்காக எழுதி 2006 செப்டம்பரில் ஓடவிட்டார்கள். பிறகு மாசசூசெட்ஸில் மூன்று நூலக வலையமைப்புகள் மாஸ்எல்என்சி என்ற பெயரில் சேர்ந்து, என்னென்ன வேண்டும் என்று ஒரே பட்டியல் போட்டு, பொதுவில் பணம் கொடுத்து எவர்கிரீனில் வேலை வாங்கின.

'கோஹா' மாவோரி மொழிச் சொல். விருந்துக்குப் போகிறவர் கொண்டுபோகும் அன்பளிப்பு, ஆனால் என்றாவது திரும்பச் செய்ய வேண்டிய அன்பளிப்பு. நம் ஊரில் இதற்கு மொய் என்று பெயர்.

காசு தேவையா என்று முதலில் பாருங்கள்

வசதி வேண்டும் என்று தோன்றியதும் டெவலப்பரைத் தேடாதீர்கள். புது வெர்ஷனில் அது ஏற்கெனவே வந்திருக்கலாம், நீங்கள் ஐந்து வருடம் பழைய வெர்ஷனில் உட்கார்ந்திருக்கலாம். கோஹாவின் அமைப்புகள் இருக்கும் சிஸ்டம் பிரிஃபரன்ஸில் ஒரு சுவிட்சாகக்கூட இருக்கலாம். தமிழ்த் தேடல் விஷயத்தில், கோஹாவின் தேடுபொறியான ஜீப்ராவை, யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் ஐசியு என்ற முறையில் இண்டெக்ஸ் செய்யும் வசதி கோஹாவில் ரொம்ப நாளாக இருக்கிறது. ஒரு சோதனை சர்வரில் அதற்கு மாற்றி, முழுக்க ரீஇண்டெக்ஸ் செய்துபார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. அதற்கும் அடங்காததுதான் உங்கள் உண்மையான குறை. ஔ-வும் ஒள-வும் அடங்காது, ஏனென்றால் யூனிகோடைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எழுத்துகள்.

அப்புறம், கோஹாவின் குறைகளையும் கோரிக்கைகளையும் பதிந்துவைக்கும் பொதுத் தளமான பக்ஸில்லாவில் தேடுங்கள். உங்கள் குறையை வேறொரு மொழிக்காரர் எட்டு வருடம் முன்பே எழுதிவைத்துவிட்டு யாரும் தொடாமல் கிடக்கலாம். அப்படி ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம், புதிதாக எழுத வேண்டாம், அதன் அடியிலேயே எங்களுக்கும் இது வேண்டும் என்று ஆரம்பிக்கலாம். இல்லையென்றால் நீங்களே ஒன்று திறங்கள். அங்கே ஒவ்வொரு குறைக்கும் ஸ்பான்சர் உண்டா என்று கேட்கும் ஒரு கட்டம் இருக்கிறது, அதில் 'கூட்டு ஸ்பான்சர் தேடுகிறோம்' என்ற பொருளில் ஒரு தேர்வும் உண்டு. அதை வைத்துவிடுங்கள். உலகத்தில் இன்னொரு மூலையில் இருக்கிற நூலகம் ஒன்று அதைப் பார்த்துவிட்டு வரலாம்.

என்ன வேண்டும் என்று எழுதுவது

இந்த இடத்தில்தான் நூலகர்கள் சோம்பல் படுகிறோம். 'தமிழ்த் தேடல் சரியாக வேலை செய்ய வேண்டும்' என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு, வந்தது பிடிக்கவில்லை என்று பிறகு சண்டை போடுகிறோம். டெவலப்பருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தெரிந்தவராக இருந்தாலும் நீங்கள் எழுதியதைத்தான் செய்வார்.

ஔவையாரையே பாருங்கள். 'ஒ-வும் ள-வும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஔ என்று மாற்று' என்று எழுதிக் கொடுத்தீர்கள் என்றால் டெவலப்பர் அரை மணி நேரத்தில் செய்துவிடுவார். மறுநாள் 'ஒளி' என்று தேடினால், ஔ-வின் தலையில் ஒரு கொக்கி தொங்கும் பிராணி ஒன்று வந்து நிற்கும். ஒளி, ஒளிந்து, ஒள்ளிய எல்லாம் நாசம். கெளரவத்தைச் சரிசெய்யப் போய் கெளுத்தி மீன் செத்துவிடும். தெளிவும் வெளியும் கூடவே போகும். ள-வுக்குப் பின்னால் கொக்கி, கொம்பு, புள்ளி எதுவும் ஒட்டாமல் இருந்தால் மட்டும் என்று நிபந்தனை எழுத வேண்டும், அதை எழுதத் தெரிந்தவர் நீங்கள்தான். ஆகவே இரண்டு பட்டியல் தயார்செய்யுங்கள். ஒன்றாக வரவேண்டிய ஜோடிகள் ஒரு பத்து, மாறவே கூடாத சொற்கள் ஒரு இருபது. என்னைக் கேட்டால் இரண்டாவது பட்டியல்தான் முக்கியம்.

தீர்வைச் சொல்லாதீர்கள், பிரச்சினையைச் சொல்லுங்கள். பதிவில் இருக்கும் எழுத்தையே மாற்றலாம், அல்லது பதிவைத் தொடாமல் தேடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கருதலாம். எது நல்லது என்று கோஹாவில் ஊறிய டெவலப்பர்தான் சொல்ல முடியும். இன்னொன்று, தமிழுக்கு மட்டும் என்று ஒரு விதியைக் கோஹாவின் நடுவில் செருகினால் அதை அந்தச் சமூகம் ஏற்பது கஷ்டம். எந்த மொழிக்காரரும் தங்கள் இணை எழுத்துகளை எழுதிவைக்க ஒரு அட்டவணை, அதற்கு ஒரு பிரிஃபரன்ஸ், தொடக்கத்தில் அது அணைந்தே இருக்கும் என்று கேட்டால் கதவு திறக்கும். இதை பக்ஸில்லாவில் முன்கூட்டியே விவாதித்துவிட்டுத்தான் காசு பேச வேண்டும், காசு கொடுத்தபின் விவாதம் ஆரம்பித்தால் நீங்கள்தான் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

கொட்டேஷன்

எங்கள் கல்லூரியில் ஒரு தடவை சர்குலேஷன் திரையில் துறைவாரியாகப் பாக்கிப் பட்டியல் அச்சடிக்க ஒரு பட்டன் வேண்டும் என்று ஒருவரைப் பிடித்தோம். நேராக சர்வரில் உட்கார்ந்து இரண்டே நாளில் பட்டன் வைத்துக்கொடுத்துவிட்டுப் போனார். ஒன்றரை வருடம் நன்றாக ஓடியது, நானும் எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். கோஹாவை அப்கிரேட் செய்த அன்று பட்டன் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. செய்துகொடுத்தவரின் நம்பரைப் போட்டால் 'நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை'. உங்கள் சர்வரில் மட்டும் செய்த வேலை அடுத்த அப்கிரேடில் அழிந்துவிடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அதனால் கொட்டேஷன் கேட்கும்போது 'வசதி செய்துதர எவ்வளவு' என்று கேட்காதீர்கள். 'கோஹாவின் பொது நிரலுக்குள் இதைச் சேர்த்துத்தர எவ்வளவு' என்று கேளுங்கள். இரண்டும் வேறு வேறு வேலை, இரண்டாவதற்கு விலையும் நேரமும் கூட. பேட்ச், அதாவது நிரலில் செய்யும் மாற்றத்தை எழுதி பக்ஸில்லாவில் போடுவது, தானியங்கிச் சோதனைகள் எழுதுவது, சோதித்துப் பார்ப்பவர்களுக்கான படிப்படியான டெஸ்ட் பிளான், தரம் பார்ப்பவர்கள் திருப்பி அனுப்பினால் திருத்திக் கொடுப்பது, கையேட்டில் இரண்டு பத்தி, இதெல்லாம் கொட்டேஷனில் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ரொம்ப முக்கியமான ஒன்றை எல்லோரும் மறப்பார்கள்: பேட்ச் காத்துக்கிடக்கும் மாதங்களில் அதற்குக் கீழே கோஹா மாறிக்கொண்டே இருக்கும், ஒருநாள் அந்த பேட்ச் ஒட்டவே ஒட்டாது, பக்ஸில்லாவிலேயே 'பேட்ச் ஒட்டவில்லை' என்று ஒரு நிலை உண்டு. அப்படி ஆகும்போதெல்லாம் புது நிரலுக்கு ஏற்றபடி மாற்றித்தரும் பொறுப்பு டெவலப்பருடையது என்று எழுத்தில் வாங்குங்கள்.

யாரிடம் கேட்பது? கோஹா சமூகத்தின் தளத்தில் நாடுவாரியாக சேவை நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். அவர்கள் அனுப்பும் அழகான பிடிஎஃப்பைப் பார்க்காதீர்கள், அந்தப் பெயரில் எத்தனை பேட்ச் ஏற்கெனவே பொது நிரலுக்குள் போயிருக்கிறது என்று பக்ஸில்லாவில் பாருங்கள், எல்லாம் வெளிப்படையாகவே கிடக்கிறது. ஒன்றுகூட இல்லாதவர் பாதி விலை சொன்னாலும் வேண்டாம்.

காசைத் திரட்டுவது

கொட்டேஷன் 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீதம் ஜிஎஸ்டி 21,600. மொத்தம் 1,41,600. ஆறு நூலகத்துக்குப் பிரித்தால் தலைக்கு 23,600. பெரிய பல்கலைக்கழகம் இரண்டு பங்கு, சின்னக் கல்லூரி ஒரு பங்கு என்றும் பிரிக்கலாம், கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் யார் பெரியவர் என்று பேசவே மூன்று கூட்டம் ஆகும், மாணவர் எண்ணிக்கையா புத்தக எண்ணிக்கையா என்று ஒருவர் ஆரம்பிப்பார். இவ்வளவு சின்னத் தொகைக்குச் சமபங்கே போதும் என்பது என் கட்சி.

வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் பதினைந்து பேர் கட்டைவிரல் தூக்குவார்கள், கடிதம் கேட்டால் எட்டு பேர் மிஞ்சுவார்கள், காசு வரும்போது ஆறு. ஆறு பேர் வேண்டும் என்றால் எட்டு பேரின் நிர்வாகக் கடிதம் கையில் வரும்வரை வேலையை ஆரம்பிக்காதீர்கள். மார்ச் 31 தாண்டினால் ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும், ஆகவே இதையெல்லாம் ஜூன், ஜூலையிலேயே ஆரம்பிக்க வேண்டும்.

பில் யார் பெயரில்? இரண்டு வழி உண்டு. ஒரு நூலகம் முன்னே நின்று எல்லோரிடமும் வாங்கி மொத்தமாகக் கொடுப்பது ஒரு வழி, வெளியாரிடம் பணம் வாங்க அந்தக் கல்லூரிக் கணக்கில் இடம் இருக்கிறதா என்று முதலில் அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் ஆபீசில் கேளுங்கள், பெரும்பாலும் இங்கேதான் முட்டும். இன்னொன்று, டெவலப்பர் நிறுவனமே ஆறு நூலகத்துக்கும் தனித்தனி வேலை ஆணை வாங்கித் தனித்தனி பில் போடுவது. அவர்களுக்குக் காகித வேலை அதிகம், ஆனால் நம் ஊர் ஆடிட்டுக்கு இதுதான் சுலபம், ஒவ்வொருவர் ஃபைலிலும் ஒரு ஆணை, ஒரு பில், ஒரு வவுச்சர், முடிந்தது.

ஆடிட்டில் கேட்கப்போகும் கேள்வியும் தெரிந்ததுதான். 'என்ன வாங்கினீர்கள்? லைசென்ஸ் எங்கே? இலவச மென்பொருளுக்கு எதற்குக் காசு?' மென்பொருள் வாங்கியதாக எழுதினால் மாட்டுவீர்கள், ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்றச் சொல்வார்கள். 'மென்பொருள் மேம்பாட்டுச் சேவை' என்று எழுதுங்கள். வேலை முடிந்ததற்குச் சான்றும் கிடைக்கும். காசு கொடுத்தவர் பெயரை பேட்ச்சின் குறிப்பிலேயே ஸ்பான்சர் என்று ஒரு வரியாக எழுதும் வழக்கம் கோஹாவில் உண்டு, புது வெர்ஷன் வெளியாகும்போது வெளியீட்டுக் குறிப்பில் ஸ்பான்சர்களுக்கு நன்றி சொல்லிப் பெயர் போடுவார்கள். மொய் நோட்டு மாதிரிதான். அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஃபைலில் வையுங்கள், இன்னொரு பிரதியை பிரின்சிபாலிடம் கொடுங்கள், அடுத்த வருடம் கேட்பது சுலபமாக இருக்கும். கல்லூரியின் சரியான ஆங்கிலப் பெயரை டெவலப்பருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள், பிழையோடு போனால் பிறகு திருத்த முடியாது.

'காசு போடாத கல்லூரிக்கும் இது கிடைக்கும்தானே, நாம் எதற்கு?' இதையும் ஒரு கமிட்டி உறுப்பினர் கட்டாயம் கேட்பார். கிடைக்கும் என்றே சொல்லுங்கள். மார்க்குக்கு நாம் காசு போட்டோமா என்று திருப்பிக் கேளுங்கள்.

தவணையை பக்ஸில்லாவின் நிலைகளோடு கட்டுங்கள். டெஸ்ட் பிளானோடு பேட்ச் ஏறியதும் 40 சதவீதம், வெளியாள் ஒருவர் சோதித்து சைன்-ஆஃப் கொடுத்ததும் 30, பொது நிரலுக்குள் சேர்ந்ததும் மீதி 30. ஒரு நியாயமும் பாருங்கள், சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்வது டெவலப்பர் இல்லை, அந்த வெர்ஷனின் ரிலீஸ் மேனேஜர். கேட்ட திருத்தமெல்லாம் செய்தும் ஒரு வருடமாக யாரும் பார்க்காமல் கிடந்தால் கடைசித் தவணையைக் கொடுத்துவிடுவதாக ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் நல்ல டெவலப்பர் யாரும் உங்கள் பக்கம் வரமாட்டார்.

சைன்-ஆஃப்: நம் கையில் உள்ள வேலை

எழுதியவரே தன் பேட்ச்சுக்கு சைன்-ஆஃப் கொடுத்துக்கொள்ள முடியாது. வேறொருவர் டெஸ்ட் பிளான்படி செய்துபார்த்து, சொன்னபடி நடக்கிறது என்று பெயர் எழுதித்தர வேண்டும். இதற்குப் புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை. சாண்ட்பாக்ஸ் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, பிரவுசரிலேயே குறையின் எண்ணைக் கொடுத்தால் அந்த பேட்ச் ஒட்டிய ஒரு தனி கோஹா தயாராகி வரும், உள்ளே போய்ச் சோதிக்கலாம், கெடுத்தாலும் பரவாயில்லை. அதில் தமிழ்ப் பதிவு இருக்காது என்பதால் உங்கள் கேட்லாக்கிலிருந்து ஒரு ஐம்பது பதிவை மார்க் கோப்பாக ஏற்றுமதி செய்து அங்கே ஏற்றுங்கள், ஔ-வில் ஐந்தும் ஒளி-யில் ஐந்தும் கட்டாயம் இருக்கட்டும். உறுப்பினர் விவரம் எதையும் கொண்டுபோகாதீர்கள். முன்பு போட்ட இரண்டு பட்டியலையும் வைத்து ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள்.

சரியில்லை என்றால் கூச்சப்படாமல் எழுதுங்கள். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதக் கூடாது. எதை அடித்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது என்று மூன்று வரி, எளிய ஆங்கிலத்தில், ஒரு ஸ்கிரீன்ஷாட்டோடு. அங்கே இருக்கிற பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை.

சைன்-ஆஃப் முடிந்தாலும் தரக்குழுவினர் வரிசையில் மற்ற பேட்ச்களோடு உங்களுடையது காத்திருக்கும். வரிசையைச் சுருக்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும்: ஆறு நூலகத்திலும் ஆளுக்கு ஒருவர் மாதத்துக்கு இரண்டு பேட்ச், அடுத்தவர்களுடையதை, சோதித்துக் கொடுங்கள். நம் பேட்ச்சை யாரும் பார்க்கவில்லையே என்று புலம்புகிறவர்களில் பலர் அடுத்தவர் பேட்ச்சைத் திறந்துகூடப் பார்த்ததில்லை, நானும் முதல் வருடம் அப்படித்தான் இருந்தேன்.

சேர்ந்த பிறகு

பொது நிரலுக்குள் சேர்ந்த அன்றே உங்கள் சர்வருக்கு வந்துவிடாது. கோஹா மே மாதமும் நவம்பர் மாதமும் புது வெர்ஷன் விடுகிறது, 24.05, 24.11 என்று எண்ணே ஆண்டையும் மாதத்தையும் சொல்லிவிடும். புது வசதிகள் இந்த இரண்டில்தான் வரும், நடுவில் மாதாமாதம் வருவது பெரும்பாலும் பிழைத்திருத்தம். பழைய வெர்ஷனுக்கே பின்னோக்கிச் சேர்த்துத்தருகிறோம் என்று கூடுதல் காசு கேட்பார்கள், கொடுக்காதீர்கள், அது மறுபடியும் அந்தப் பட்டன் கதைதான். ஆறு பேரும் எந்த வெர்ஷனுக்கு எந்த மாதத்துக்குள் மாறுவோம் என்று கடிதத்திலேயே எழுதிவிடுவது நல்லது. காசு போட்டுவிட்டு அப்கிரேட் செய்யாமல் இரண்டு வருடம் உட்கார்ந்திருப்பவர் ஒருவராவது இருப்பார்.

அப்கிரேட் ஆனதும் பிரிஃபரன்ஸை இயக்குங்கள். தொடக்கத்தில் அது அணைந்துதான் இருக்கும் என்று நாமே கேட்டு வாங்கினோம், அதை மறந்துவிட்டு 'வசதி வரவில்லை' என்று போன் செய்வார்கள். அட்டவணையில் ஜோடிகளை ஏற்றி, இரவில் ரீஇண்டெக்ஸ் ஓடவிட்டு, காலையில் ஔவையாரை இரண்டு விதமாகவும் தேடி, ஆரம்பத்தில் குறித்துவைத்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒரே எண் வராத நூலகத்தில் பெரும்பாலும் ரீஇண்டெக்ஸ் பாதியில் நின்றிருக்கும், டெவலப்பரைக் கூப்பிடுவதற்கு முன் அதைப் பாருங்கள்.